ஹோம் மேட்ச் எந்த ஊர்ல?

ஆபீஸ்ல ரெண்டு வாரமா ஆணி ஓவர். பிடுங்கிப் பிடுங்கி ஓய்ஞ்சு போய் உட்கார்ந்தப்பதான் திருப்பூர்ல இருந்து ஃப்ரெண்ட் மெசேஜ் அனுப்பியிருந்தான். "மாப்ள, அடுத்த சீசன் வரப்போகுதே, தூக்கத்தை எங்க அடகு வைக்கப்போற?" அவ்வளவுதான். ஆணியெல்லாம் மறந்து போச்சு.

அவன் சொல்ற சீசன் ஐபிஎல் இல்லீங்க, யூரோலீக். ஐரோப்பாவுல இருக்கற பெரிய பெரிய பாஸ்கெட்பால் கிளப்புகள் மோதிக்கற போட்டி. ரியல் மாட்ரிட், பார்சிலோனான்னா நமக்கு ஃபுட்பால்தான் தெரியும். அதே கிளப்புகளுக்கு பாஸ்கெட்பால் டீமும் உண்டு, அதுக்கும் உயிரை விடற கூட்டம் உண்டு. 1958ல ஐரோப்பிய சாம்பியன் கோப்பைன்னு ஆரம்பிச்சது. முதல் மூணு வருஷமும் ரிகா நகரத்து டீம்தான் சாம்பியன். 2000க்கு அப்புறம் கிளப்புகளே கைல எடுத்துக்கிட்டு நடத்தறாங்க. 2025-26 சீசன்ல 20 டீம் ஆக்கிட்டாங்க. ஒவ்வொருத்தரும் மத்த 19 பேரோடயும் ரெண்டு தடவை, ஒண்ணு அவங்க ஊர்ல, ஒண்ணு நம்ம ஊர்ல. ஆக, நாக் அவுட்டுக்கு முன்னாடியே ஆளுக்கு 38 மேட்ச். மாட்ரிட்ல ராத்திரி எட்டே முக்காலுக்கு ஆரம்பிச்சா நமக்கு பன்னெண்டே கால், குளிர்காலம்னா ஒண்ணே கால். தங்கமணி வாயில இருந்து வர்ற வசனங்களை இங்க எழுத முடியாது, ஹிஹி.

மேட்ச் லிஸ்ட் வந்ததும் எல்லாரும் எதைப் பார்ப்பாங்க? முதல் மேட்ச் யாரோட, பெரிய தலைங்க எப்ப மோதறாங்க, புதுசா யாரை வாங்கியிருக்காங்க. நான் இதெல்லாம் அப்புறம்தான் பார்ப்பேன். முதல்ல பார்க்கறது மைதானம். ஒவ்வொரு டீமோட ஹோம் மேட்ச்சும் அவங்க சொந்த ஊர்லதான் நடக்குதான்னு ஒரு தடவை விரல் வெச்சுப் பார்த்துட்டுதான் அடுத்த வேலை. இது என்னடா கிறுக்குன்னு கேக்கறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

2012ல ஆபீஸ்ல என்னை ஒரு ப்ராஜெக்டுக்காக ஸ்பெயினுக்கு அனுப்பினாங்க. மாட்ரிட்டுக்குத் தெக்கே கெடாஃபேன்னு ஒரு ஊர்ல வேலை. வாடகை கம்மியா இருக்குன்னு பக்கத்துல ஃபுவென்லப்ராடாங்கற ஊர்ல ரூம். டூரிஸ்ட் யாரும் எட்டிப் பார்க்காத ஊர். வரிசையா செங்கல் நிற அடுக்குமாடி, கீழே பேக்கரி, சலூன், பார். எழுபது எண்பதுகள்ல ஸ்பெயினோட மூலை முடுக்குல இருந்தெல்லாம் வேலை தேடி வந்தவங்க வீடு வாங்கி செட்டில் ஆன இடம். அதுக்கு முன்னாடி சின்ன கிராமம். அதாவது ஊர்ல முக்காவாசிப் பேர் வெளியூர்க்காரங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அங்க ஃபெர்னாண்டோ மார்ட்டின்னு பேர் வெச்ச ஒரு இன்டோர் ஸ்டேடியம். மார்ட்டின் யாருன்னா, என்பிஏ போய் விளையாடின முதல் ஸ்பானியர். 1989 டிசம்பர்ல கார் விபத்துல போயிட்டார். அவர் நினைவா 1991ல கட்டினது. ஞாயித்துக்கிழமை சும்மா அந்தப் பக்கம் நடக்கும்போது, என் கூட வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர் (அந்த ஊர்க்காரர், ஐம்பதைத் தொடற வயசு) ஸ்டேடியத்தைக் காட்டி, "இங்கேதான் எங்க டீம் ஐரோப்பிய சாம்பியன் ஆச்சு"ன்னார். எனக்கு சிரிப்பு. ஃபுவென்லப்ராடா கிளப் எப்பங்க ஐரோப்பிய சாம்பியன் ஆச்சு? அப்புறம்தான் சொன்னார். அவர் "எங்க டீம்"னது பெல்கிரேடு பார்ட்டிஸானை!

விஷயம் இதுதான். 1991 ஜூன்ல ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் தனி நாடுன்னு அறிவிச்சதும் யூகோஸ்லாவியாவுல சண்டை ஆரம்பிச்சுது. அந்த வருஷ ஐரோப்பியக் கோப்பைல அந்த நாட்டு டீம்கள் மூணு இருந்துச்சு. பெல்கிரேடுல இருந்து பார்ட்டிஸான், ஜாக்ரெப்ல இருந்து சிபோனா, அப்புறம் தொடர்ந்து மூணு வருஷமா கோப்பையை வெச்சிருந்த ஸ்ப்ளிட் நகரத்து டீம். போர் நடக்கற இடத்துல மேட்ச் நடத்த முடியாதுன்னு ஃபிபா சொல்லிடுச்சு. விளையாடணும்னா வேற நாட்டுல ஒரு ஊரைப் பார்த்துக்கோங்க. மூணு பேருமே ஸ்பெயினுக்குத்தான் வந்தாங்க. ஸ்ப்ளிட் டீம் வடமேற்கு மூலைல லா கொருன்யாவுக்கு, சிபோனா தெக்கே காடிஸ் பக்கம் புவெர்ட்டோ ரியாலுக்கு, பார்ட்டிஸான் ஃபுவென்லப்ராடாவுக்கு. ஊர்ல ஒருத்தருக்கொருத்தர் எதிரி நாடாயிட்டிருந்தவங்க, அடைக்கலம் தேடி வந்தது ஒரே நாட்டுக்கு.

பார்ட்டிஸானுக்கு அப்ப கோச் யாரு தெரியுமா? ஜெல்கோ ஒப்ராடோவிச். அந்த கோடை வரைக்கும் அதே டீம்ல விளையாடிக்கிட்டிருந்த ஆள். 31 வயசு. நேத்து வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினவன், இன்னிக்கு விசிலோட எதிர்ல நிக்கறான். அவருக்குத் துணையா அலெக்ஸாண்டர் நிக்கோலிச்னு ஒரு பெரிய வாத்தியார். யூகோஸ்லாவிய பாஸ்கெட்பாலுக்கே தகப்பன்னு சொல்வாங்க. இத்தாலியில வரேசே டீமுக்கு மூணு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். பசங்களும் சின்னப் பசங்கதான். ஜோர்ஜெவிச்சுக்கு 24, டனிலோவிச்சுக்கு 21, ரெப்ராச்சாவுக்கு இருபது கூட ஆகலை.

எங்க ஆபீஸ் பெரியவர் சொன்னதுல எனக்குப் பிடிச்சது இதுதான். முதல் மேட்ச்சுக்கு சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனாங்களாம். புது ஸ்டேடியம், ஐரோப்பிய மேட்ச், வேற வேலை இல்லை. பேரே வாயில நுழையலையாம். நம்பரை வெச்சுதான் ஆளை அடையாளம். போகப் போக பேர் பழகிடுச்சு. பசங்க வார்ம் அப் பண்ணும்போது முகத்தைப் பார்த்தா தெரியுமாம், இன்னிக்கு வீட்டுக்கு போன் பேசினாங்களா இல்லையான்னு. "எங்கப்பா அம்மாவும் இப்படித்தான் பெட்டியோட வந்தாங்க, அந்த மூஞ்சி எனக்குத் தெரியும்"னார். வெளியூர்க்காரங்க ஊர்னு ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அதுக்குத்தான். சீசன் பாதி போறதுக்குள்ள ஊரே இவங்களுக்குக் கத்த ஆரம்பிச்சுடுச்சு. பேரும் மாறிப்போச்சு, 'பார்ட்டிஸான் தெ ஃபுவென்லப்ராடா'. ஃபுவென்லப்ராடா பார்ட்டிஸான்.

காலிறுதியில ஒரே ஒரு மேட்ச் மட்டும் பெல்கிரேடு பயனியர் ஹால்ல நடத்த அனுமதி கிடைச்சுது. அந்த முழு சீசன்லயும் சொந்த ஊர்ல ஆடின ஒரே ஐரோப்பிய மேட்ச் அதுதான். எதிரணி இத்தாலியோட நார் போலோன்யா. அதை ஜெயிச்சு, மீதியை போலோன்யாவுக்கே போய் முடிச்சுட்டு இஸ்தான்புல் வந்துட்டாங்க.

1992 ஏப்ரல் 16. தேதியை கவனிங்க. பத்து நாள் முன்னாடிதான் போஸ்னியாவுல போர் வெடிச்சிருக்கு, சரயேவோவை முற்றுகை போட்டாச்சு. அந்த நிக்கோலிச் வாத்தியார் பிறந்த ஊரே சரயேவோதான். இஸ்தான்புல்ல ஃபைனல், எதிர்ல ஜுவென்டுட் படலோனா, ஸ்பெயின் டீம். கடைசி நிமிஷம் வரைக்கும் இழுபறி. சில விநாடி பாக்கி இருக்கும்போது ஜுவென்டுட் 70-68னு முன்னால. ஜோர்ஜெவிச் பந்தை வாங்கி, வலது ஓரமா முழுக் கோர்ட்டையும் ஓடி, லைனுக்கு வெளியே உடம்பு ஒரு பக்கம் சாய்ஞ்சபடியே ஒரு த்ரீ பாயிண்டர் போட்டார் பாருங்க. நெட்டுல தேய்ச்சுக்கிட்டு உள்ளே. 71-70. யூட்யூப்ல இருக்கு, பாருங்க. கேமராவே அவரைத் துரத்த முடியாமத் தடுமாறும்.

எதிர்ல ஆடினது ஸ்பெயின் டீம். ஆனா அன்னிக்கு ஃபுவென்லப்ராடாவுல நிறைய பேர் ஜோர்ஜெவிச் பக்கம்னு எங்க பெரியவர் சத்தியம் பண்ணார். "வீட்ல எங்கண்ணன் என்கிட்ட ஒரு வாரம் பேசலை"ன்னு சொல்லி சிரிச்சார்.

இதோட முடிஞ்சிருந்தா சினிமா. ஆனா நான் சொல்ல வந்ததே அடுத்த சீசனைப் பத்தித்தான்.

அந்த மே 30ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபை 757ஆம் தீர்மானம் போட்டுச்சு. யூகோஸ்லாவியா மேல பொருளாதாரத் தடை, அதோட விளையாட்டுத் தடையும். யூரோ 92 ஃபுட்பால்ல யூகோஸ்லாவியாவுக்கு பதிலா டென்மார்க் கடைசி நேரத்துல உள்ளே வந்து கோப்பையே தூக்கினது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அதே தடைதான் இங்கயும். ஐரோப்பிய சாம்பியனுக்கு 1992-93 சீசன் கிடையாது. ஃபுவென்லப்ராடாவுல கூட ஆட முடியாது. அதுக்கடுத்த சீசனும் இல்ல, அதுக்கடுத்ததும் இல்ல. 1995-96லதான் திரும்பி வந்தாங்க.

அதுக்குள்ள டீம் சிதறிடுச்சு. ஜோர்ஜெவிச் மிலானுக்குப் போனார். டனிலோவிச் போலோன்யாவுக்கு, அதாவது காலிறுதில அவங்க வெளியேத்தின அதே டீமுக்கு. ஒப்ராடோவிச் கதை இன்னும் வேடிக்கை. 1993ல அவரைக் கூப்பிட்டது ஜுவென்டுட் படலோனா! கடைசி விநாடியில கோப்பையைப் பறிச்சவனையே கூட்டிட்டு வந்து கோச் ஆக்கிட்டாங்க. 1994ல டெல் அவிவ்ல நடந்த ஃபைனல்ல 59-57னு அதே கோப்பையை அவங்களுக்கு வாங்கிக் கொடுத்தார். அதுலயும் கடைசி நேர த்ரீ பாயிண்டர்தான், இந்தத் தடவை கோர்னி தாம்சன் கைல இருந்து. அப்புறம் மாட்ரிட், ஏதென்ஸ், இஸ்தான்புல்னு ஊர் ஊரா ஆக மொத்தம் 9 கோப்பை. வேற எந்த கோச்சும் கிட்டக்கூட இல்ல.

திறமை இருக்கறவனுக்கு அடுத்த சீசன் எங்கயாவது கிடைச்சுடுது. மீதிப் பேரு?

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க. எங்கப்பா கோயமுத்தூர்ல ஒரு மில்லுல வேலை. மில் குவார்ட்டர்ஸ்ல ஒரு சிமெண்ட் கோர்ட் இருந்துச்சு. போர்டு மரப்பலகை, ரிங்குல நெட் கிடையாது, பந்து உள்ளே போச்சா இல்லையான்னே சண்டை வரும். அங்க ஏழு பேரு ஒரு டீம். திருப்பூர்ல இருந்து மெசேஜ் போட்டானே, அவன்தான் எங்க பாயிண்ட் கார்டு. எங்க ஏழு பேர்ல பாஸ்கெட்பால் ஆடத் தெரிஞ்சவன்னா அவன் ஒருத்தன்தான், மத்தவங்க கூட ஓடினோம். 1996ல மில்லை மூடினாங்க. கோர்ட்டு கேட்டுக்கும் பூட்டு. ஊருக்கு அந்தக் கோடில ஒரு ஸ்கூல்ல கேட்டு, காலைல அஞ்சரைல இருந்து ஏழு மணி வரைக்கும் அவங்க கோர்ட்டுல பழகிக்கோங்கன்னு விட்டாங்க. ஆறு கிலோமீட்டர், ரெண்டு சைக்கிள்ல ஏழு பேர். எப்படின்னு கேக்காதீங்க. அந்த மே மாசம் நடந்த டோர்னமெண்ட்ல செமி ஃபைனல் வரைக்கும் வந்தோம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டான்னு பேசிக்கிட்டே வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வருஷம் ஆளுக்கொரு ஊர். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான் உயரம்ங்கறதால அந்த ஸ்கூலே என்னைக் கூப்பிட்டு ப்ளஸ் ஒன்ல சேர்த்துக்கிட்டாங்க, ஃபீஸ் பாதி. அவங்க டீமுக்கு ரெண்டு வருஷம் ஆடினேன். அவனைக் கூப்பிடலை, குள்ளம்னு. அவனுக்காக நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. கேட்டா எனக்கும் இல்லைன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அவன் பதினேழு வயசுல திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனில சேர்ந்தான். அதுக்கப்புறம் பந்தைத் தொடவேயில்லை. இத்தனை வருஷத்துல இதை நாங்க ஒரு தடவை கூடப் பேசினதில்லை. மேட்ச்சைப் பத்தி மட்டும் விடிய விடியப் பேசுவோம்.

டனிலோவிச் போலோன்யாவுக்குப் போனார்னு எழுதும்போது எனக்கு யார் ஞாபகம் வரும்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

சரி, கொசுவத்தியை அணைச்சுட்டு வரேன். மைதானம் பார்க்கற கிறுக்கு பழைய கதையோட போயிருக்கும். போக விடமாட்டேங்கறாங்க. 2022ல ரஷ்யா உக்ரைனுக்குள்ள புகுந்ததும் சிஎஸ்கேஏ மாஸ்கோ உட்பட மூணு ரஷ்ய டீம்களை யூரோலீக் பாதி சீசன்ல நிறுத்திடுச்சு, ஆடின மேட்ச் ரிசல்ட்டையும் அழிச்சுட்டாங்க. எட்டு தடவை சாம்பியனுக்கு அடுத்த சீசன் இல்ல. அந்தப் பக்கம் உக்ரைனோட ப்ரோமெதெய் டீம் 2022-23ல யூரோகப் ஹோம் மேட்ச்சையெல்லாம் ரிகாவுல ஆடுச்சு. தண்டனை வாங்கினவனுக்கும் ஊர் இல்ல, அடி வாங்கினவனுக்கும் ஊர் இல்ல.

அப்புறம் 2023 அக்டோபர். இஸ்ரேல்ல நடந்த தாக்குதல், தொடர்ந்து காசாவுல போர். அந்த சாவுக் கணக்குக்கு முன்னாடி பாஸ்கெட்பாலைப் பேசறதே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. யார் சரி யார் தப்புங்கற பஞ்சாயத்துக்கு நான் வரலை. நான் பார்த்தது மைதானத்தை மட்டும். மக்காபி டெல் அவிவோட ஹோம் மேட்ச்னு போட்டிருந்த இடத்துல பெல்கிரேடுன்னு இருந்துச்சு. எந்த ஹால்னு பார்த்தேன். அலெக்ஸாண்டர் நிக்கோலிச் ஹால்.

பேரு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அந்த வாத்தியார்தான். 2000ல அவர் போயிட்டார், 2016ல அந்த ஹாலுக்கு அவர் பேரை வெச்சாங்க. அதுக்கு முன்னாடி அதோட பேரு பயனியர் ஹால். 1991-92ல பார்ட்டிஸான் பசங்களுக்கு ஒரே ஒரு ராத்திரி மட்டும் கதவு திறந்துச்சே, அதே ஹால். 2023-24, 2024-25 ரெண்டு சீசனும் வேற ஊர் டீம் ஒண்ணுக்கு அதுதான் வீடு. லேப்டாப்பை மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஃபுவென்லப்ராடா பெரியவருக்கு மெயில் போட்டேன். "அங்க யாராவது அவங்களுக்காகக் கத்தறாங்களா?"ன்னு மட்டும் ஒரு வரில திருப்பிக் கேட்டிருந்தார். எனக்கு பதில் தெரியலை.

பார்ட்டிஸான் இப்ப நல்லா இருக்காங்க. 2022-23ல யூரோலீக்குக்குத் திரும்பி வந்ததும் பெல்கிரேடு பெரிய அரீனாவுல மேட்ச்சுக்கு மேட்ச் இருபதாயிரம் பேருக்கு நெருக்கமா கூட்டம். 2021ல ஒப்ராடோவிச்சே திரும்பி வந்திருந்தார், முப்பது வருஷம் கழிச்சு தொடங்கின இடத்துக்கு. கோப்பை வரலை. 2025 நவம்பர்ல ஏதென்ஸ்ல ஒரு தோல்விக்கு அப்புறம் ராஜினாமா பண்ணிட்டார். ஊர் திரும்பினப்ப, போகாதீங்கன்னு சொல்ல ஏர்போர்ட்லயே கூட்டம் கூடியிருந்துச்சு. அவர் முடிவை மாத்திக்கலை. நடுவுல என்பிஏவும் ஃபிபாவும் சேர்ந்து ஐரோப்பாவுல புது லீக் ஆரம்பிக்கற யோசனைன்னு 2025 மார்ச்ல அறிவிச்சாங்க. 2000-01ல இப்படித்தான் ரெண்டு லீக், ரெண்டு சாம்பியன்னு கூத்து நடந்துச்சு. பணக்காரங்க சண்டை, அதைப் பத்தி எழுத எனக்கு ஆர்வம் இல்ல. பந்து போடறதுக்கு ஒரு ஊர் இருக்கா, அடுத்த வருஷமும் அதே ஊர்ல போடுவாங்களா, அதுதான் எனக்கு வேணும்.

திருப்பூர்க்காரனுக்கு ராத்திரி பதில் போட்டேன். தூக்கத்தை அடகு வைக்கறதைப் பத்தி இல்ல. "மாப்ள, 97ல அந்த ஸ்கூல்ல உனக்காக நான் கேட்டிருக்கணும்டா"ன்னு.

ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. ரொம்ப நேரம் ஒண்ணும் வரலை. ஒரு மணிக்கு மேல ஒரு மெசேஜ். "முதல் மேட்ச்சுக்கு உன் வீட்டுக்கு வந்துடறேன். என் வீட்ல நெட் சரியில்லை. தங்கச்சிகிட்ட சொல்லி வெய்யி, டீ நான் போட்டுக்கறேன்."